வன்னி வெயிலில் அச்சும் வார்ப்பும்

வன்னியில் ஒரு வீட்டுக்குச் சென்று, இரண்டு தலைமுறைக்கு முந்திய பொருள் ஏதும் இருக்கிறதா என்று கேட்டால், பெரும்பாலும் ஒன்றோ இரண்டோதான் வெளியே வரும். மன்னார்ப் பக்கத்திலிருந்து கிளிநொச்சிக்கும், அங்கிருந்து தருமபுரம், விசுவமடு, புதுக்குடியிருப்பு வழியாகக் கடற்கரை வரைக்கும் சனம் பெயர்ந்துகொண்டே இருந்த 2008, 2009ஆம் ஆண்டுகளில், அலுமாரியும் தையல் இயந்திரமும் முதலில் கைவிடப்பட்டன. அண்டா குண்டாக்கள் அடுத்ததாகவும், உடுப்பு மூட்டைகள் கடைசியாகவும் போயின. காணி உறுதியும் அடையாள அட்டையும் தவிர, சேலைத் தலைப்பில் முடிந்துகொள்ளக்கூடிய சின்னப் பொருட்கள் சில மட்டுமே செட்டிகுளம் முகாம்கள் வரை போய்த் திரும்பி வந்தன. அப்படித் தப்பிய பொருள் ஒன்றே ஒன்று. அதற்கு ஆசைப்படும் பிள்ளைகளோ நாலு பேர், நாலு நாட்டில். வீட்டிலிருந்தபடியே அச்செடுத்து, ஊற்றியபின் கட்டியாக இறுகும் திரவமான றெசினில் வார்க்கும் வேலையை நான் கற்றுக்கொண்டதும், அதை இவ்வளவு விரிவாக எழுத முனைவதும் இப்படியான குடும்பங்களை முன்னிட்டுத்தான்.

இணையத்தில் காணக்கிடைக்கும் செய்முறைகளில் பெரும்பாலானவை குளிர்நாட்டில் இருப்பவர்களுக்காக எழுதப்பட்டவை. அச்செடுக்கும் பொருள் கெட்டுப்போனால் கடையில் இன்னொன்றை வாங்கிக்கொள்ளலாம் என்ற நினைப்பும் அவற்றில் உண்டு. இந்த இரண்டும் எங்களுக்குப் பொருந்துவதில்லை. இங்கே மூலப்பொருளுக்கு ஒரு கீறல்கூட விழக்கூடாது. நண்பகல் வெப்பமோ ஆண்டின் பாதி மாதங்களில் 32, 33 பாகையைத் தாண்டுகிறது. ஆகவே எந்த றெசின் நல்லது என்று கேட்டு வருபவர்களிடம், அந்தப் பொருள் எதனால் செய்யப்பட்டது, எதைத் தாங்கும், எதைத் தாங்காது என்பதைத்தான் நான் முதலில் கேட்பேன். வார்ப்பு பிழைத்தால் மறுபடியும் வார்க்கலாம். பொருள் பிழைத்தால் அதோடு சரி.

ஓர் உதாரணத்தை முழுமையாகச் சொல்கிறேன். எங்கள் ஒழுங்கையில் இருக்கும் ஆச்சி ஒருவர், தன் தாயாரின் பித்தளைச் சுண்ணாம்புக் கரண்டகத்தைக் கொண்டுவந்தார். உள்ளங்கையின் குழிக்குள் அடங்கும் வட்டமான சிமிழ் அது. மூடியின் நடுவில் எட்டிதழ்த் தாமரை. அதைச் சுற்றி நெல்மணிகளைப் போலக் கொத்தப்பட்ட ஒரு வரி. பெருவிரல் வைத்துத் திறக்கும் பக்கத்தில் மட்டும் அந்த வரி தேய்ந்து, பித்தளை கண்ணாடியைப் போல் வழுவழுப்பாகியிருந்தது. “இது ஒண்டுதான் பிள்ளை மிச்சம். ஆருக்குக் குடுக்கிறது எண்டு எனக்கு முடிவெடுக்கத் தெரியேல்லை” என்றார். “இதுக்கு ஒண்டும் நடவாமல் எடுத்துத் தாறன் ஆச்சி” என்று சொல்லித்தான் அதை வாங்கிக்கொண்டேன். அந்தத் தேய்வும் நகலில் வரவேண்டும் என்பது என் எண்ணமாக இருந்தது. ஒரு வீட்டில் எத்தனை ஆண்டுகள் வெற்றிலை போடப்பட்டது என்பதற்கு இருக்கும் ஒரே சாட்சி அந்தத் தேய்வுதான்.

வீட்டில் அச்செடுப்பவர்கள் வழக்கமாக முதலில் எடுப்பது, ஹாட்வெயார் கடையில் குளியலறை விளிம்புகளுக்கு அடைப்பதற்காக விற்கும் சிலிக்கோன் குழாயை. விலை குறைந்த வகையைத் திறந்தவுடன் வினாகிரி மணம் வரும். இறுகும்போது அது அசற்றிக் அமிலத்தை வெளிவிடுவதே அதற்குக் காரணம். அந்த அமிலம் செம்பையும் பித்தளையையும் அரிக்கும். பச்சை படியும், மெருகு போகும். பிளாஸ்டிக்குக்கும் கண்ணாடிக்கும் பீங்கானுக்கும் இந்தச் சிலிக்கோன் மிக நன்று. பித்தளைக் கரண்டகத்தின் மேல் அதை நேரடியாகப் பூசவே கூடாது. நியூட்ரல் என்று குழாயில் எழுதப்பட்ட வகைக்கு இந்தக் குற்றம் இல்லை, ஆனால் அது எங்கள் கடைகளில் எப்போதும் இருப்பதில்லை. ஜெலற்றீன் கரைத்து ஊற்றலாம் என்று சிலர் சொல்வார்கள்; அது 30 பாகைக்குச் சற்று மேலேயே இளகத் தொடங்கிவிடுவதால், வன்னியின் பகல் பொழுதில் நிற்காது.

நிற்பது அகார். கடற்பாசி என்று சொல்லி வெள்ளை நூலாகவோ பொடியாகவோ விற்பார்கள், நோன்புக் காலத்திலும் விருந்துகளிலும் இனிப்பாகக் காய்ச்சுவார்களே, அதேதான். அதன் தனிக்குணம் என்னவென்றால், கரைவதற்கு 85 பாகைக்கு மேல் வேண்டும், ஆனால் உறைவது 40 பாகைக்குக் கீழேதான். ஆகவே ஒருமுறை உறைந்துவிட்டால் எங்கள் வெயில் அதை இளக்காது. இது புதிய கண்டுபிடிப்பும் இல்லை: 1920களில் வியன்னாவைச் சேர்ந்த அல்போன்ஸ் பொல்லர் அகாரைக் கொண்டு அச்செடுக்கும் முறையை உருவாக்கினார், பல் வைத்தியர்கள் பல்லின் படியை அதில்தான் எடுத்தார்கள். இரண்டாம் உலகப் போரில் யப்பானிலிருந்து அகார் வருவது நின்றபோதுதான் கடற்பாசியிலிருந்தே எடுக்கப்படும் இன்னோர் அச்சுப்பொருளான அல்ஜினேற்றுக்கு அவர்கள் மாறினார்கள்.

உண்பதற்குக் காய்ச்சுவதைவிட அச்சுக்குத் தடிப்பாகக் காய்ச்சவேண்டும். 100 கிராம் தண்ணீருக்கு மூன்று முதல் ஐந்து கிராம் வரை அகார்ப் பொடி போட்டு, கட்டியில்லாமல் முழுதாகக் கரையும் வரை கொதிக்கவைத்து, பின்பு விரல் பொறுக்கும் சூட்டுக்கு ஆறவிட்டேன். கரண்டகத்தின் மூடி பொருந்தும் இடைவெளியில், அகார் உள்ளே கசியாதபடி வாஸ்லினை மெல்லியதாகத் தடவினேன். மாஜரின் டப்பா ஒன்றின் அடியில் குளத்துக் களிமண்ணைப் பரப்பி அதன்மேல் கரண்டகத்தை அமர்த்தி, ஓர் ஓரமாக மெதுவாக ஊற்றினால், அகார் தானாக ஏறி மூடியையும் மூழ்கடிக்கும். இறுகியபின் டப்பாவைக் கவிழ்த்துக் களிமண்ணை எடுத்துவிட்டு, ஒரு பக்கத்தில் மட்டும் கூரிய கத்தியால் கீறி விரித்தால் கரண்டகம் வழுக்கிக்கொண்டு வெளியே வந்துவிடும். ஈரத்துணியால் துடைத்து உலர்த்தி, அன்று மத்தியானமே ஆச்சியிடம் திருப்பிக் கொடுத்துவிட்டேன். பொருள் நம் கையில் இருக்கும் நேரம் எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது.

அகாரில் முக்கால்வாசிக்கு மேல் தண்ணீர். அதற்குள் றெசினை ஊற்றினால் சரியாக இறுகாது. காற்றுப்பட வைத்தால் நீரை இழந்து சுருங்கியும் போகும். ஆகவே தாமதிக்காமல் பிளாஸ்டர் ஒஃப் பாரிஸை அதில் வார்த்து, பித்தளைக்குப் பதிலாள் ஒன்றை உண்டாக்கிக்கொள்ள வேண்டும். எடையில் 100 பங்கு பொடிக்கு 60 முதல் 70 பங்கு வரை தண்ணீர். எப்போதும் தண்ணீருக்குள் பொடியைத் தூவவேண்டும், பொடிக்குள் தண்ணீரை ஊற்றக்கூடாது. அகார் பட்ட இடத்தில் பிளாஸ்டரின் முகம் சில வேளைகளில் மாவாக உதிரும். ஏற்கனவே இறுகிய பிளாஸ்டரை இடித்து அரித்த தூளில் ஒரு சிட்டிகை சேர்த்துக் குழைத்தால் இறுகல் விரைவுபட்டு இந்தக் குறை தணியும். பிளாஸ்டர் இறுகும்போது சூடாகும் என்பதைப் பிள்ளைகளுக்குக் கட்டாயம் சொல்லிவைக்க வேண்டும். குழைத்த பிளாஸ்டருக்குள் கையை வைத்துக்கொண்டு காத்திருந்தவர்களுக்குக் கடுமையான எரிகாயங்கள் ஏற்பட்டிருக்கின்றன.

பதிலாள் கிடைத்தபிறகு மனம் இலேசாகிவிடும். அதன்மேல் எதையும் துணிந்து செய்யலாம். நன்றாகக் காயவைத்து, இரண்டு பூச்சு வார்னிஷ் அடித்து, வாஸ்லினைத் துணியில் தொட்டு மெல்லியதாகத் துடைத்தபின், இப்போது அந்த வினாகிரி மணச் சிலிக்கோனைப் பாவிக்கலாம். முதலில் எதுவும் கலக்காத சிலிக்கோனைத் தூரிகையால் தாமரை இதழ்களுக்கு இடையிலும் நெல்மணி வரியிலும் அழுத்திப் பூசவேண்டும். நுட்பமான கோடுகளைப் பிடிப்பது இந்த முதல் பூச்சுத்தான். இதில் அவசரம் காட்டினால் அதன்பின் என்ன செய்தும் பயனில்லை. அதன்மேல், சிலிக்கோனைச் சோளமாவோடு ஏறக்குறைய சம கனவளவில் பிசைந்து, ரொட்டி மாப் பதத்தில் அப்பவேண்டும். வெறும் சிலிக்கோன் காற்றின் ஈரத்தை உறிஞ்சித்தான் இறுகும். ஒரு நாளைக்கு இரண்டு மூன்று மில்லிமீற்றர் ஆழத்துக்கு மேல் அது போவதில்லை. சோளமாவில் ஒளிந்திருக்கும் ஈரம் உட்பக்கத்தையும் சேர்த்து இறுக்கிவிடுகிறது. மணம் முற்றாகப் போகும்வரை அச்சைக் காற்றாட வைத்த பின்பே வார்ப்புக்கு எடுக்கவேண்டும்.

இதில் பருவங்களின் பங்கு ஒன்று உண்டு. எங்கள் நிலத்தில் வேலை செய்பவர்களுக்கு இதுதான் மிகவும் பயன்படும் என்று நம்புகிறேன். சிலிக்கோன் ஈரத்தை விரும்புகிறது. எப்பொக்சி றெசின் ஈரத்தை வெறுக்கிறது. அதை இறுகவைக்கக் கலக்கும் கடினமாக்கி என்ற இரண்டாவது திரவத்தில் உள்ள அமீன்கள் என்ற இரசாயனங்கள் காற்றிலுள்ள நீராவியோடும் காபனீரொட்சைட்டோடும் சேர்ந்து வார்ப்பின் முகத்தில் பிசுபிசுப்பான மெழுகுப் படலத்தை உண்டாக்குகின்றன. ஐப்பசி தொடங்கி மார்கழி வரை வாடைக்காற்றோடு மழை பெய்யும் மாதங்களில் அச்சுகளைச் செய்து அடுக்கிவைத்துவிட்டு, வார்ப்பு வேலையைத் தை கழிந்து மாசி, பங்குனி மாதங்களில் வைத்துக்கொள்வதே நான் கடைப்பிடிக்கும் முறை. மழை ஓய்ந்திருக்கும், வெயில் இன்னும் உச்சத்துக்கு ஏறியிராது, சோளகக் காற்று புழுதியைக் கொண்டுவரவும் நாள் இருக்கும்.

றெசினில் இங்கே கிடைப்பவை இரண்டு. ஒன்று, முல்லைத்தீவுக் கரையில் ஃபைபர் வள்ளங்களுக்கு ஒட்டுப் போடுபவர்கள் பாவிக்கும் பொலியெஸ்டர். கடற்றொழில் சாமான் விற்கும் கடைகளில் அதைக் கேட்டு வாங்கலாம். அதை இறுகவைக்க அதோடு வரும் கற்றலிஸ்ட் என்ற திரவத்தை எடையில் நூற்றுக்கு ஒன்று முதல் இரண்டு பங்கு வரைதான் சேர்க்கவேண்டும். அந்தத் திரவம் கண்ணில் பட்டால் பார்வையே போகக்கூடும். கொபோல்ட் எனப்படும் வேகமூட்டியைத் தனியாக வாங்கினால், அதையும் கற்றலிஸ்டையும் ஒருபோதும் நேரடியாக ஒன்றோடொன்று கலக்கக்கூடாது, தீப்பற்றும், வெடிக்கும். கொபோல்ட்டை றெசினில் முழுதாகக் கலக்கி முடித்த பின்பே கற்றலிஸ்டைச் சேர்க்கவேண்டும். வள்ளம் திருத்தும் அண்ணைமார் இதையெல்லாம் கையாலேயே அறிந்தவர்கள். எந்த நூலையும்விட அவர்களுக்குப் பக்கத்தில் அரை நாள் நின்று பார்ப்பது மேல். பொலியெஸ்டர் மலிவானது, ஆனால் இறுகும்போது நன்றாகச் சுருங்கும், அதன் ஸ்ரைரீன் மணம் வீடு முழுவதையும் நிரப்பும், காற்றுப்பட்ட மேற்பரப்பு ஒட்டிக்கொண்டே கிடக்கும்.

மற்றது எப்பொக்சி. அரல்டைட் என்ற பெயரில் இரண்டு சின்னக் குழாய்களாக எல்லாருக்கும் தெரிந்த பசையும் இந்தக் குடும்பந்தான். சுவிற்சர்லாந்தில் பொய்ப்பல் செய்வதற்கு ஏற்ற பொருளைத் தேடிக்கொண்டிருந்த பியர் காஸ்தான் 1930களில் இதற்கு வழிகண்டார். 1946இல் அரல்டைட் சந்தைக்கு வந்தது. அகாரும் எப்பொக்சியும் பல் வைத்தியத்தோடு இப்படித் தொடர்புபட்டிருப்பது எனக்கு வியப்பைத் தரவில்லை. வாய்க்குள் பொருந்தவேண்டிய பொருளை விடத் துல்லியம் கேட்கும் வேலை வேறு என்ன இருக்கிறது? சுருக்கம் குறைவு என்பதால் கரண்டகத்தைப் போன்றவற்றுக்கு எப்பொக்சியையே நான் தெரிவு செய்கிறேன். வார்ப்புக்கான தெளிந்த வகையைக் கொழும்பிலிருந்து தருவித்துக்கொள்ள வேண்டியிருக்கும்.

எப்பொக்சியில் விகிதம்தான் எல்லாம். கற்றலிஸ்டைப் போல ஒரு துளி கூட்டி விரைவுபடுத்தலாம், குறைத்து மெதுவாக்கலாம் என்ற சலுகை இதில் இல்லை. கடினமாக்கியும் பிணைப்பில் ஒரு பங்காளி என்பதால், கூடினாலும் குறைந்தாலும் வார்ப்பு ரப்பரைப் போலவே நின்றுவிடும். போத்தலில் 2:1 என்று இருந்தால் அது கனவளவா எடையா என்று பார்க்கவேண்டும். றெசின் தண்ணீரைவிடக் கனமானது, கடினமாக்கி ஏறக்குறைய தண்ணீரின் கனம். ஆகவே கனவளவில் 2:1 என்பது எடையில் 100:50 ஆகாது, 100:43 அளவுக்கு வந்து நிற்கும். அச்சுக்கு எவ்வளவு தேவை என்பதை அறிய, அதற்குள் தண்ணீர் நிரப்பி அளந்துவிட்டு, ஒரு சொட்டு ஈரமும் இல்லாதபடி காயவைக்கலாம். 30 மில்லிலீற்றர் பிடித்தால் 33 கிராம் அளவு கலந்தால் போதும். ஒரு கோப்பையில் மூன்று நிமிடம் கலக்கி, இன்னொரு சுத்தமான கோப்பைக்கு மாற்றி மறுபடியும் கலக்கவேண்டும். முதற்கோப்பையின் ஓரத்தில் ஒட்டிக் கலக்கப்படாமல் கிடக்கும் றெசின்தான், வார்ப்பில் பின்பு ஒருபோதும் இறுகாத ஈரத் திட்டாகத் தெரியும்.

போத்தலில் 40 நிமிடம் என்று எழுதியிருந்தால் அது பெரும்பாலும் 20, 25 பாகை வெப்பத்துக்கான கணக்கு. பத்துப் பாகை கூடினால் அந்த நேரம் ஏறக்குறையப் பாதியாகும். அதைவிட, றெசின் இறுகும்போது தானே சூட்டை உண்டாக்கும். ஆழமான கோப்பையில் மொத்தமாக விட்டுவைத்தால் அந்தச் சூடு வெளியேற வழியில்லாமல் மேலும் விரைந்து, புகைந்து, கோப்பையையே உருக்கிவிடும். நண்பகலில் கிளிநொச்சித் தகரக் கூரையின் கீழ் இது சில நிமிடங்களில் நடந்துவிடும். விடியற்காலையில், ஓலைக் கொட்டிலின் நிழலில், சிறிய அளவாகக் கலந்து உடனே ஊற்றிவிடுவதும், தடித்த வார்ப்பு என்றால் படை படையாக வார்ப்பதும் இதற்கு வழி. குமிழிகளைக் குறைக்க, கலப்பதற்கு முன் றெசின் போத்தலை மட்டும் வெந்நீரில் சற்று நிறுத்தி இளக்கலாம். ஊற்றும்போது உயரத்திலிருந்து நூலைப் போல மெல்லிய தாரையாக அச்சின் ஒரே மூலையில் விழவிடவேண்டும். தாரை மெலியும்போது பெரிய குமிழிகள் உடைந்துவிடுகின்றன.

கரண்டகத்துக்குப் பித்தளைத் தோற்றம் வரவேண்டும் என்பதற்காக, வர்ணக் கடையில் பொன்னிறப் பூச்சுக்கு விற்கும் பித்தளைத் தூளை, முகக்கவசம் அணிந்துகொண்டு, மென்தூரிகையால் அச்சின் உட்புறத்தில் தடவி, மிகுதியைத் தட்டிக் கொட்டினேன். அதன்மேல் அதே தூளைக் கலந்த றெசினை மெல்லிய படையாகவும், அது பாதி இறுகியபின் கழுவிக் காயவைத்த ஆற்றுமணல் கலந்த றெசினை நிறைப்பாகவும் ஊற்றினேன். பித்தளையின் அடர்த்தி தண்ணீரைப்போல் எட்டரை மடங்கு. றெசினுடையது ஒன்றேகால் மடங்குகூட இல்லை. மணல் சேர்த்தும் மூலத்தின் கனம் வராது, ஆனால் கையில் எடுத்தவுடன் பிளாஸ்டிக் என்று தோன்றாத அளவுக்காவது வரும். மறுநாள் உருக்குக் கம்பளியால் மெல்லத் தேய்த்தபோது தூள் மின்னத் தொடங்கியது. தாமரையின் எட்டு இதழ்களும் இருந்தன. பெருவிரல் தேய்த்த இடமும் அப்படியே வழுவழுப்பாக வந்திருந்தது. ஆச்சி அந்த இடத்தில் தன் பெருவிரலை வைத்துப் பார்த்துவிட்டு, “இது அம்மாவின்ர விரல்தான்” என்றார்.

அந்த நகல் திறக்காது, முழுக்கட்டி. சுண்ணாம்பு வைக்கத் திறக்குமாறு செய்யலாம்தான், ஆனால் வாய்க்குப் போகும் எதையும் இந்த வார்ப்புகளில் வைக்கச் சொல்ல எனக்கு மனமில்லை. ஒவ்வொரு நகலின் அடியிலும் நகல் என்ற சொல்லையும் ஆண்டையும் கீறிவிடுவதும் என் வழக்கம். ஐம்பது ஆண்டு கழித்து யாரும் இதை மூலமென்று எண்ணி ஏமாறக்கூடாது.

இதே முறையில் பாவனைக்குரிய பொருட்களையும் செய்யலாம். பற்றரிக்குத் தடை இருந்த 1990களில் சைக்கிள் டைனமோவில் பாட விட்ட பழைய ரேடியோ ஒன்று தெரிந்தவர் வீட்டில் இன்னும் வேலை செய்கிறது. அதன் இரண்டு திருகு குமிழ்களில் ஒன்று மட்டும் காணாமல் போயிருந்தது. இருந்ததை அச்செடுத்து, கறுப்பு நிறமி சேர்த்த எப்பொக்சியில் வார்த்தோம். இதில் கவனிக்கவேண்டியது தண்டு நுழையும் துளை. அது ஒரு பக்கம் தட்டையான அரைவட்டத் துளை என்பதால், பின்னர் துளையிட்டு எடுப்பது கடினம். அதே வடிவில் அராவிய கம்பித் துண்டொன்றில் வாஸ்லின் பூசி, வார்க்கும்போதே நடுவில் நிறுத்திவைத்து, இறுகியபின் உருவிக்கொண்டால் துளை தானாகவே அமைந்துவிடுகிறது.

அச்சே செய்யாமல் வீட்டுப் பாத்திரங்களையே அச்சாகப் பாவிக்க விரும்புபவர்கள், பிளாஸ்டிக்கின் அடியில் முக்கோணத்துக்குள் இருக்கும் எண்ணைப் பார்க்கவேண்டும். 2, 4, 5 என்றிருந்தால் எப்பொக்சி அதில் ஒட்டாது, தட்டினால் கழன்றுவிடும். 6 என்றிருந்தால் அது பொலிஸ்ரைரீன். பொலியெஸ்டர் அதைக் கரைத்துவிடும். தெளிந்த றெசினுக்குள் மஞ்சாடி விதை, சிப்பி, பனம் நார் முதலியவற்றைப் பதிக்கலாம். நாருக்குள் காற்று நிறைய இருப்பதால் முதலில் மெல்லிய பூச்சொன்றில் தோய்த்து இறுகவிட்டால் குமிழி வராது. பச்சைப் பூ கறுத்துவிடும்; காய்ந்த மென்மணலில் நாட்கணக்காகப் புதைத்து உலர்த்தியபின் பதிக்கவேண்டும்.

இறுகாத எப்பொக்சி தோலில் பட்டவுடன் எரிவதில்லை என்பதாலேயே ஆபத்தானது. திரும்பத் திரும்பப் பட்டால் ஒவ்வாமை உண்டாகும், ஒருமுறை வந்தால் அது வாழ்நாள் முழுவதும் நிற்கும். நைற்றைல் கையுறை கட்டாயம். கையில் பட்டதைத் தின்னர் கொண்டு துடைக்காமல் சவர்க்காரமும் தண்ணீரும் கொண்டு கழுவவேண்டும். அராவும் தூசுக்கு முகக்கவசம் வேண்டும். விறகடுப்பு எரியும் குசினிப் பக்கம் பொலியெஸ்டரைத் திறக்கவே கூடாது. மீந்த றெசினைக் கிணற்றடியிலோ வாய்க்காலிலோ ஊற்றாமல், கலந்து முழுதாக இறுகவிட்டுக் கட்டியாகக் குப்பையில் சேர்ப்பதே முறை.

ஆச்சியின் மற்றப் பிள்ளைகளுக்கு வார்ப்புகளை அனுப்புவதா என்று யோசித்து, இறுதியில் அச்சையே அனுப்ப முடிவு செய்தோம். சிலிக்கோன் அச்சு இலேசானது, உடையாது, தபாலில் தடையின்றிப் போகும். திரவ றெசின் அப்படிப் போகாது, ஆனால் கனடாவிலும் பிரான்சிலும் அது கடைக்குக் கடை கிடைக்கிறது. பிளாஸ்டர்ப் பதிலாள் என்னிடம் இருப்பதால், வேண்டும்போது இன்னோர் அச்சை இங்கே எடுத்துக்கொள்ள முடியும். இளைய மகளுக்குப் போகும் பொதியில், எத்தனை கிராம் றெசின் பிடிக்கும், தூளை எப்படித் தடவுவது, எந்தப் பக்கத்துக் கீறலை ரப்பர் வளையத்தால் இறுக்கிக் கட்டுவது என்பவற்றை ஒரு தாளில் எழுதி வைத்திருக்கிறேன். அவர்கள் ஊரில் அறை வெப்பம் குறைவு என்பதால், இங்கே ஒரே நாளில் இறுகுவதற்கு அங்கே இரண்டு மூன்று நாள் பொறுக்கவேண்டும் என்பதையும் அதில் சேர்த்திருக்கிறேன்.